மூன்று மாதமாக வாடகை வரவில்லை, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். என்ன செய்யலாம்?

சேலையூர்_மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிழக்குத் தாம்பரம் பக்கம் சேலையூரில் அப்பா கட்டிய வீடு. கீழே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். மாடியில் இரண்டு போர்ஷன், இரண்டும் வாடகைக்கு. முன் போர்ஷனில் ஒரு குடும்பம் ஆறு வருடமாக இருக்கிறது. வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000. குடிவந்தபோது போட்ட 11 மாத ஒப்பந்தத்தோடு சரி, அப்புறம் எதுவும் எழுதவில்லை. அப்பா எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே பார்த்துக்கொண்டார். வாடகையும் அப்படித்தான் 9,500-லிருந்து ஏறியது.

அவர் தங்கமான மனிதர் என்றுதான் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் வேலை போய்விட்டதாம், மூன்று மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால், "அட்வான்ஸ் இருக்கிறதே சார், அதில் கழித்துக்கொள்ளுங்கள், பார்த்துக் காலி செய்கிறேன்" என்கிறார். எப்போது என்று மட்டும் சொல்வதில்லை.

என் மாமா, "மோட்டாரை நிறுத்து, ஃபியூஸைப் பிடுங்கு, ஒரே வாரத்தில் கிளம்பிவிடுவான்" என்கிறார். அப்பாவுக்கு 71 வயது, சண்டை சச்சரவு அவருக்கு ஆகாது. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், நினைத்தபோது வர முடியாது. கோர்ட், கேஸ் என்று போகாமல் முடிக்க வழி இருக்கிறதா? இன்னொரு கவலையும் உண்டு. 12 வருடம் இருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

மூணு_போர்ஷன் (மதுரை) எழுதியது:

தம்பி, முதலில் மாமா பேச்சை ஓரமாக வையுங்கள். கரண்ட், தண்ணீர் இரண்டிலும் கை வைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் மோட்டார் ரூமைப் பூட்டினார். வீட்டில் கைக்குழந்தை. அந்த அம்மா நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அதுவரை "வாடகை தராதவர்" என்று பெயர் வாங்கியிருந்தவர்கள் ஒரே நாளில் பாவப்பட்டவர்கள் ஆகிவிட்டார்கள், வீட்டுக்காரர் வில்லன் ஆகிவிட்டார். பாக்கியைப் பற்றிப் பேசவே ஆளில்லை.

நான் மூன்று போர்ஷன் வைத்திருக்கிறேன், கணவர் இறந்த பிறகு நானேதான் பார்க்கிறேன். அட்வான்ஸில் கழிக்கச் சொல்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் கழிக்க ஆரம்பித்தால் தேதி போட்டுத்தான் கழிக்க வேண்டும். உங்கள் கணக்கைப் பாருங்கள். 60,000-ல் 36,000 போய்விட்டது, மீதி 24,000. அதாவது இரண்டு மாதம். ஈ.பி. பாக்கி, உடைசல், பெயிண்டிங் எல்லாம் அதற்குள்ளேயே வர வேண்டும். உண்மையில் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மாதம்தான். அட்வான்ஸைப் பணமாகப் பார்க்காதீர்கள், நாளாகப் பாருங்கள். அது தீர்வதற்குள் அவர் வெளியே இருக்க வேண்டும்.

வக்கீல்_குமாஸ்தா எழுதியது:

மேடம் சொன்னது சரி. சட்டம் என்ன சொல்கிறது என்பதை நான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீஸில் ஃபைல் சுமப்பவன். கடைசியில் உங்கள் காகிதங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டியே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் (வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம்) 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேலையூர் தாம்பரம் மாநகராட்சிக்குள் வருவதால் உங்களுக்கும் அதுதான்.

இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது, பதிவானால் ஒரு எண் தருவார்கள். பலர் இதை சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பதிவோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 11 மாதம் என்று எழுதும் பழக்கமே 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சப் ரிஜிஸ்ட்ராரிடம் கட்டாயம் பதிய வேண்டும், அந்தச் செலவைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. 11 மாதம் என்று எழுதினாலும் அதிலிருந்து விலக்கு இல்லை.

அடுத்து, மாமாவின் யோசனை. 20-ஆம் பிரிவு அதை நேரடியாகத் தடுக்கிறது. குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் போவார், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வரும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது முதல் உத்தரவே உங்களுக்கு எதிராக வர வேண்டுமா?

வீட்டைத் திரும்பப் பெறுவது 21-ஆம் பிரிவு. இரண்டு மாத வாடகை பாக்கி, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் அது ஒரு காரணம். எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியது இன்னொரு காரணம். உங்களைப் போலப் பழைய ஒப்பந்தம் காலாவதியாகிக் கிடப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியாகத்தான் வாடகை நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். எந்த வழி என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும். நோட்டீஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எத்தனை மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். 2025-லிருந்து பழைய பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அனுப்பும்போது, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டுவையுங்கள்.

12 வருடக் கதை எல்லா ஊரிலும் ஓடுகிறது. வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியோடு இருப்பவர். 12 ஆண்டு அனுபவப் பாத்தியதை என்பது உரிமையாளருக்கு எதிராக, இது என்னுடையது என்று வெளிப்படையாக இருப்பவர்களுக்கான பேச்சு. 30 வருடம் வாடகைக்கு இருந்தாலும் அது குடியிருப்புதான். ஆனால் வாடகைக்கு இருக்கிறார் என்பதைக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். ரசீது, பேங்க் பரிமாற்றம், ஒப்பந்தம், எது இருந்தாலும் போதும். ரொக்கமாக வாங்கி எதிலும் எழுதாமல் விடுபவர்களுக்குத்தான் தலைவலி.

கோவை_ரெண்டுவீடு எழுதியது:

குமாஸ்தா சார் எழுதியதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் ஓசூரில் இருக்கும் ஒருவர் தாம்பரத்து வீட்டுக்காகச் செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் நடையாய் நடப்பாரா? என் அனுபவத்தில் கேஸுக்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் ரூபாயில் போட்டுப் பார்த்தால், இரண்டு மாத பாக்கியை விட்டுக்கொடுத்துச் சாவியை வாங்குவதே லாபம். "பாக்கியில் இவ்வளவு தள்ளுபடி, இந்தத் தேதிக்குள் காலி செய்தால் மட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். சிலரிடம் அட்வான்ஸ் மிச்சம் பத்தாயிரத்தை, டெம்போ ஏறும் அன்று கையில் தருகிறேன் என்று சொன்னால் மறுநாளே வீடு பார்க்கப் போவார்கள். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் தர அவர்களுக்கும் பணம் வேண்டுமே.

நோட்டீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். பேசிவிட்டு அனுப்பினால் கோபம் வரும்.

குடியிருப்பவன் எழுதியது:

நான் வாடகைக்கு இருப்பவன், இந்த இழையை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று கேட்கலாமா? வாடகைக்காரர்கள் ஏன் கடைசி மாதங்களை அட்வான்ஸில் கழிக்கச் சொல்கிறார்கள் தெரியுமா? காலி செய்த பிறகு அட்வான்ஸ் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லை, அதனால்தான். எனக்கு ஒரு வீட்டில் பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள். நான் குடிபோனபோதே சுவர் அழுக்கு. சுவரில் ஆணி ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்ட வீட்டுக்காரரையும் பார்த்திருக்கிறேன். மிச்சப் பணம், "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

சேலையூர் சார், உங்கள் அப்பா அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வாடகைக்காரர் மனதில் அந்தப் பயம் இருக்கும். வேலை போனவருக்கு இந்த 60,000-தான் கையில் இருக்கும் ஒரே பெரிய தொகை.

வக்கீல்_குமாஸ்தா எழுதியது:

நியாயமான பேச்சு. இதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. சென்னையில் பத்து மாதம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது, இன்னும் சிலர் அந்த நினைப்பிலேயே இருக்கிறார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பராமரிப்புக்குச் சட்டத்தின் பின்னால் ஒரு அட்டவணை இருக்கிறது. வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங், கட்டடப் பழுது எல்லாம் வீட்டுக்காரர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி, அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் கணக்கு. இதை ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். எழுதாமல் பிடிப்பதில்தான் சண்டை.

மூணு_போர்ஷன் எழுதியது:

ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு வருடத்தில் போகிறவரிடம் பாதி செலவு, மூன்று வருடம் இருந்தவரிடம் ஒன்றும் கிடையாது. இதை வீடு காட்டும்போதே சொல்லிவிடுவேன், பேப்பரிலும் இருக்கும். சாவி கொடுக்கும் அன்று அவர்களையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஃபோனில் வீடியோ எடுப்பேன். குழாயைத் திறந்து, ஃபேனைப் போட்டு, ஈ.பி. மீட்டர் எண் தெரிகிற மாதிரி எடுத்து, அந்த வீடியோவை அவர்களுக்கும் அனுப்பிவிடுவேன். காலி செய்யும்போது அதே வீடியோவைப் பார்த்துப் பேசினால் குரல் உயராது.

ஈ.பி. என்றதும் நினைவு வருகிறது. சேலையூர் தம்பி, உங்கள் மாடிக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா?

சேலையூர்_மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மாமாவிடம் 20-ஆம் பிரிவைச் சொன்னேன், "சட்டம் எல்லாம் பேப்பரில்தான்" என்றார். அப்பா மட்டும் தலையாட்டினார்.

முன் போர்ஷனுக்குத் தனி மீட்டர். பின் போர்ஷன் எங்கள் மீட்டரிலிருந்து சப் மீட்டர், யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறோம். அதில் ஏதாவது சிக்கலா?

கோவை_ரெண்டுவீடு எழுதியது:

சிக்கல் உங்களுக்கே. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விலைப் படி, 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படியின் விலையும் சேர்ந்து மாறிவிடும். கீழ் வீடும் பின் போர்ஷனும் ஒரே மீட்டரில் ஓடினால் கோடையில் ஏ.சி. போட்டதும் 500 தாண்டும், இரண்டு குடும்பமும் கூடுதலாகக் கட்டும். பின் போர்ஷன்காரருக்குத் தனி மீட்டர் இருந்தால் அவருக்கென்று 100 யூனிட் இலவசம் கிடைக்கும். 8 ரூபாய் கொடுப்பவருக்கு, பக்கத்து போர்ஷன்காரர் கட்டும் பில்லைப் பார்த்தால் வயிறு எரியத்தானே செய்யும். தனிச் சமையலறை, தனி வாசல் இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். ஒருமுறை செலவு.

2022 நவம்பரில் ஆதாரை மின் இணைப்போடு சேர்க்கச் சொன்னபோது நடந்த கூத்து நினைவிருக்கிறதா? குடியிருப்பவர் ஆதாரைச் சேர்த்தால் வீடே போய்விடும் என்று பலர் பயந்தார்கள். வாடகைதாரர் என்றே சேர்க்க அதில் வழி இருந்தது. மின் இணைப்பில் யார் ஆதார் இருந்தாலும் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர்.

துபாய்_மேடவாக்கம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் வைத்திருக்கிறேன், இருப்பது துபாயில். புதிதாக வரும் வாடகைதாரர் என் பான் எண் கேட்கிறார். கொடுக்கலாமா? புரோக்கர், "கொடுக்காதீங்க சார், டேக்ஸ் வந்துடும்" என்கிறார்.

குமாஸ்தாவின்_தம்பி எழுதியது:

(அண்ணன் சொல்லி வந்தேன். நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன்.)

புரோக்கரிடம் வரி ஆலோசனை கேட்காதீர்கள் சார். சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்க, வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் கொடுத்தாக வேண்டும். மாதம் 8,334 ரூபாய் வாடகையே அந்த எல்லையைத் தாண்டிவிடும். நீங்கள் மறைத்தாலும் பணம் பேங்க் வழியாக வருகிறது, அது தெரியத்தான் போகிறது.

வரி அவ்வளவு பயப்படும்படி இல்லை. சேலையூர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வருட வாடகை 1,44,000. சொத்து வரி 4,000 கட்டியதாக வைத்தால் மீதி 1,40,000. அதில் 30 சதவீதம், அதாவது 42,000, செலவு செய்தீர்களா இல்லையா என்று கேட்காமலே கழிவு. வருமானமாகச் சேர்வது 98,000. வேறு பெரிய வருமானம் இல்லாத பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரியே வராது. வாடகை யார் பெயரில் வருகிறது என்பதை மட்டும் சரியாக வையுங்கள். வீடு அப்பா பெயரில் இருக்க, வாடகை மகன் கணக்கில் விழுவது நிறைய வீடுகளில் நடக்கிறது, பின்னால் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

உங்கள் விஷயம் வேறு, நீங்கள் வெளிநாட்டில் இருப்பவர். உள்ளூர் வீட்டுக்காரர் என்றால் மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால்தான் குடியிருப்பவர் டி.டி.எஸ். (வாடகையிலிருந்தே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும் (2024 அக்டோபரிலிருந்து 5 சதவீதம் 2 ஆகக் குறைந்தது). வெளிநாடு வாழ் இந்தியருக்கு அந்த 50,000 எல்லை கிடையாது. வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 30 சதவீதமும், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிக்க வேண்டும். அதிகமாகப் பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். குறைந்த விகிதத்தில் பிடித்தால் போதும் என்ற சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் செய்யலாம். இதைச் சொல்லாமல் விட்டால் மாட்டிக்கொள்வது உங்கள் வாடகைதாரர், பாவம்.

துபாய்_மேடவாக்கம் எழுதியது:

இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. முன்பு இருந்தவர் பிடித்ததே இல்லை, நானும் கேட்டதில்லை.

மூணு_போர்ஷன் எழுதியது:

சேலையூர் தம்பி, அப்புறம் என்ன ஆயிற்று? ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், குடி மாற மாட்டார்கள். இந்த மாதத்துக்குள் அவர் போகவில்லை என்றால் ஆவணி வரை இழுக்கும். உங்களுக்கும் ஆடியில் புது ஆள் கிடைப்பது சிரமம். தேதி பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சாஸ்திரம் பார்க்காதவர்கள்கூடத் தேதி தள்ளிப்போட வேண்டும் என்றால் ஆடியைத்தான் இழுப்பார்கள்.

சேலையூர்_மாடி எழுதியது:

வார இறுதியில் ஊருக்குப் போனேன். வக்கீல் மூலம் நோட்டீஸ் போயிருந்தது. கோவை அண்ணன் சொன்ன வரிசையிலேயே, அது கிடைத்த பிறகுதான் மேலே ஏறிப் பேசினேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. "ஆறு வருடம் இருந்தவனுக்கு நோட்டீஸா?" என்றார். பாக்கி, மிச்சம் எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அதைக் காட்டினேன். அட்வான்ஸில் இன்னும் 24,000-தான் இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. இரண்டு மாதம்தான் வாடகை தரவில்லை என்று நினைத்திருக்கிறார்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான். ஆவணி முதல் வாரத்தில் காலி செய்வார். அதுவரைக்கும் பாதி வாடகை மாதாமாதம் ஜிபேயில் தருவார், மீதிப் பாதி அட்வான்ஸில் கழியும். முதல் 6,000 வந்துவிட்டது. மாமா, "ஏமாந்துட்டே" என்கிறார். இதை எழுதி வாங்குவதா, வாய்ப்பேச்சோடு விடுவதா? அப்பா எழுதிக் கேட்க வேண்டாம், மனம் நோகும் என்கிறார்.

வக்கீல்_குமாஸ்தா எழுதியது:

எழுதித்தான் ஆக வேண்டும். மனம் நோகாமல் எழுத வழி இருக்கிறது. ஒரு பக்கத்தில், இன்ன தேதி வரை பாக்கி இவ்வளவு, அட்வான்ஸில் மீதி இவ்வளவு, இன்ன தேதியில் காலி செய்து சாவி ஒப்படைப்பார், அன்றே மீதி அட்வான்ஸ் இவ்வளவு திருப்பித் தரப்படும் என்று இரண்டு பக்கத்துக் கடமையையும் போடுங்கள். நீங்கள் தர வேண்டியதும் அதில் இருப்பதால் அவர் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். இரண்டு சாட்சி. ஒரு விஷயத்தில் கவனம். இதைப் புது வாடகை ஒப்பந்தம் மாதிரி எழுதிவிடாதீர்கள். பாதி வாடகைக்குப் புதிதாகக் குடிவைத்தது போல ஆகிவிடும், கொடுத்த நோட்டீஸும் வீணாகும். வரைவை உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

சொன்ன தேதியில் போகாமல் உட்கார்ந்துவிட்டால், குடியிருப்புக் காலம் முடிந்த பிறகும் இருப்பதற்கு இரட்டை வாடகை கேட்க 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. இதைத் தாளில் மிரட்டலாக எழுத வேண்டாம், மனதில் இருக்கட்டும்.

கோவை_ரெண்டுவீடு எழுதியது:

மாமா சொல்வதைக் கேட்காதீர்கள், நல்ல பேரம்தான். மாதம் 6,000 பையிலிருந்து வருகிறது என்பது பெரிய விஷயம், அவருக்குப் போகும் எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த ஆளை வைக்கும்போது வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். என் நண்பர் ஒருவர் 11 மாதம் முடிந்ததும் கண்டிப்பாக 10 சதவீதம் ஏற்றுவார். 12,000 வீட்டில் அது மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. ஆனால் அதற்காக ஆள் காலி செய்து, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 24,000 போயிற்று. புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு தனி. ஐந்து சதவீதம் என்று முதலிலேயே எழுதி வைத்தால் கேட்கவும் கூச்சம் இல்லை, கொடுக்கவும் கோபம் இல்லை.

குடியிருப்பவன் எழுதியது:

இதை என் வீட்டுக்காரருக்கு அனுப்பலாமா?

கூடவே ஒன்று. ஆள் பார்க்கும்போது சாதி, சாப்பாடு, பேச்சிலரா குடும்பமா என்று நாற்பது கேள்வி கேட்கிறார்கள். வேலை என்ன, முன்பு எங்கே இருந்தீர்கள், அந்த வீட்டுக்காரர் எண் என்ன என்று கேட்பவர்கள் குறைவு. வாடகை ஒழுங்காக வருமா என்பதைக் கடைசி மூன்று கேள்விகள்தான் சொல்லும்.

மூணு_போர்ஷன் எழுதியது:

உண்மை. நான் முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் பேசாமல் யாரையும் வைப்பதில்லை. இப்போது இருக்கும் வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தையவர் உண்மை பேசுவார். இப்போதையவர் தொல்லை விட்டால் போதும் என்று புகழ்ந்து அனுப்பிவிடுவார்! அடையாள நகல் வாங்கி, போலீஸ் ஸ்டேஷனில் வாடகைதாரர் விவரப் படிவத்தையும் கொடுத்துவிடுவேன். முதல் வாடகையிலிருந்தே பேங்க் வழிதான், ரசீதும் உண்டு.

தம்பி, போர்ஷன் காலியானதும் உடனே டூலெட் போர்டு மாட்டாதீர்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். ஆறு வருடமாக யாரும் தளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாடித் தளத்தில் விரிசல், ஓதம், செப்டிக் டேங்க், சம்ப் எல்லாவற்றையும் காலியாக இருக்கும் அந்த ஒரு வாரத்தில் பாருங்கள். ஆள் இருக்கும்போது பழுது பார்க்கப் போனால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கொத்தனார் வருவது அந்த நேரத்துக்கா?

சேலையூர்_மாடி எழுதியது:

தாளில் கையெழுத்து ஆகிவிட்டது. அப்பா கீழே போய்விட்டார், அம்மாதான் காபி போட்டுக் கொடுத்து வாங்கினார். "அன்றே அட்வான்ஸ் மீதி" என்ற வரியை வாடகைக்காரர் இரண்டு முறை படித்தார்.

கடைசிச் சந்தேகம். பின் போர்ஷனுக்கும் ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் வாடகையெல்லாம் ஒழுங்கு. இப்போது திடீரென்று எழுதக் கேட்டால் சந்தேகப்படுவாரா?

வக்கீல்_குமாஸ்தா எழுதியது:

தனி மீட்டர் போட்டுத் தருகிறோம், அதோடு சேர்த்து ஒப்பந்தத்தையும் புதுப்பித்துப் பதிந்துவிடலாம் என்று கேளுங்கள். வாடகைப் படிக்கு அவருக்கும் அந்தத் தாள் உதவும். ஆதார் நகல், ஃபோட்டோ, பான் மூன்றையும் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையதளத்தில் ஏற்றும்போது ஓசூருக்கும் சேலையூருக்கும் அலைய வேண்டியிருக்காது.